ஒத்திகையை நீக்கிவிட்டுப் பயிற்சி என்கிறீர்கள்

மதிப்பிற்குரிய திட்ட இயக்குநர் அவர்களுக்கும் பயிற்சிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

கடலோர மாவட்டங்களில் உள்ள சிறு தொண்டு நிறுவனங்களுக்காக நீங்கள் நடத்திவரும் பேரிடர்ப் பயிற்சித் திட்டத்தில் இந்த ஆண்டு முதல் மாற்றங்கள் வருவதாகச் சென்ற மாதம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தீர்கள். கிராமங்களில் நடந்துவந்த ஒத்திகைகள் இனி இல்லை. பயிற்சி முடிந்தபின் பயிற்றுநர் ஊருக்கு வந்து பார்த்துப்போகும் ஏற்பாடும் இல்லை. ஒத்திகை நாளின் டீசல், வாடகை, சாப்பாட்டுச் செலவுக்கு நீங்கள் நேரடியாகக் கட்டிவந்த பில்களும் இனிக் கட்டப்படமாட்டா. அவற்றுக்குப் பதிலாக நவம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னை ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி நடக்கும். நிறுவனத்துக்கு ஒருவர் வரலாம். அவர் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்கள் இணையத்தில் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு.

இதை மறுபரிசீலனை செய்யுமாறு மின்னஞ்சலில் கேட்டோம். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வேதாரண்யம் வட்டத்தில் மீனவக் குப்பங்களிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் நான். உங்கள் திட்டத்தில் தொடக்கம் முதல் இருந்துவருகிறேன். நீங்கள் வேண்டாத சுமை என்று இறக்கிவைத்தவை எவையோ அவைதான் அந்தத் திட்டத்தில் எங்களுக்குப் பயன்பட்டவை. எஞ்சியிருப்பதை எங்கள் மாவட்டம் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அரசு முன்கூட்டியே பல்லாயிரம் பேரை முகாம்களுக்கு மாற்றியிருந்தது. இல்லாவிட்டால் உயிரிழப்பு எவ்வளவோ கூடியிருக்கும். ஆனால் பொழுது விடிந்தபோது ஊருக்குள் வரவும் வழியில்லை, ஊரைவிட்டுப் போகவும் வழியில்லை. சாலையெங்கும் மரங்கள். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. செல்போன் வேலை செய்யவில்லை. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிகளில் தண்ணீர் ஏறவில்லை. முதல் நிவாரண லாரி வந்து சேர்வதற்குள் அரிவாளையும் கோடரியையும் எடுத்துக்கொண்டு வழி வெட்டியவர்கள் ஊர்க்காரர்கள்தான்.

அப்போது எங்கள் நிறுவனத்தில் ஓட்டல் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருந்தார்கள். தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப அவர்களுக்குத் தெரியும். வாடகை ஜெனரேட்டர் ஒன்றை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தொட்டிகளை நிரப்பலாம் என்று முடிவானபோது, எந்த ஊர் மோட்டாரை எவ்வளவு திறனுள்ள ஜெனரேட்டர் இழுக்கும், எதில் ஒயரை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஊராட்சியின் தொட்டி ஆபரேட்டர். மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் தொகைக்கு வேலை பார்ப்பவர். அந்த வாரம் அவரும் அவரைப் போன்ற சிலரும் இல்லையென்றால் பல ஊர்களில் குடிநீர் கிடைத்திருக்காது. அதற்கு முன்பு அவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைத்ததில்லை.

கஜாவுக்குப் பிறகு நீங்கள் கொண்டுவந்த திட்டத்தை நாங்கள் வரவேற்றதற்கு இதுதான் காரணம். உங்கள் பயிற்றுநர்கள் ஊருக்கு வந்தார்கள். தொட்டி ஆபரேட்டரையும் கிராம சுகாதார செவிலியரையும் சத்துணவு அமைப்பாளரையும் மீனவப் பஞ்சாயத்தாரையும் ஒரே பாயில் உட்காரவைத்தார்கள். ஓட்டலில் இது நடக்காது.

ஒரு ஒத்திகையை மட்டும் விரித்துச் சொல்கிறேன். நிவாரண முகாம்களுக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பியர் தர அளவுகள் உங்கள் கையேட்டிலும் இருக்கின்றன: ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. திரையில் பார்த்தால் எழுதிக்கொண்டு மறந்துவிடும் எண்கள். பயிற்றுநர் அதைத் திரையில் காட்டவில்லை. ஊர்ப் பள்ளியின் வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போடச் சொன்னார். இருபதுக்கு இருபது அடி அறையில் பத்துக் கட்டங்களுக்கு மேல் விழவில்லை. புயலென்றால் அதே அறையில் நாற்பது ஐம்பது பேரை ஏற்றுவதுதான் வழக்கம் என்பதால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி ஒரு கட்டத்துக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். படுத்தபடியே கேட்டார்: “நான் இங்கே படுத்துக்கொள்கிறேன். என் ஆட்டை எங்கே கட்டுவீர்கள்?”

அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது. கஜா இரவில் சில குடும்பங்கள் முகாமுக்கு வர மறுத்ததை மக்களின் அறியாமை என்று அறிக்கைகள் எழுதின. ஆடுகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல்தான் வீட்டிலேயே இருந்தோம் என்று அன்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளோடு அந்தப் பள்ளிக்குப் போகமாட்டோம் என்று இன்னொரு பக்கத்தில் முணுமுணுப்பு. ஏன் என்று கேட்டால், கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இல்லாததால் புயலுக்கு நடுவே வீட்டில் தங்குகிறார்கள் என்பதை எந்தக் காணொளியும் கண்டுபிடித்திருக்காது. தலைமையாசிரியர் அந்த வாரமே தாழ்ப்பாள் போட்டார். பள்ளிக்குப் பின்புறம் ஆடுமாடுகளைக் கட்ட ஒரு கொட்டகைக்கு இடம் பார்த்து வைத்தோம். அடுத்த புயல் எச்சரிக்கையின்போது மாலையிலேயே வந்து சேர்ந்தவர்களில் அந்தப் பெண்மணியும் ஒருவர். ஆடும் வந்தது.

நீங்கள் நிறுத்திய பின்தொடர் வருகைகளின் அருமையும் இப்படித்தான் தெரிந்தது. ஒத்திகையில் எங்கள் மகளிர் குழுக்கள் தெருவாரியாக ஒரு பட்டியல் தயாரித்தன: நிறைமாதக் கர்ப்பிணிகள், படுக்கையில் இருக்கும் முதியோர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள். மின்சாரம் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்பதற்கு, ஈர மணலில் வைத்த மண்பானை போதும் என்று செவிலியர் செய்தே காட்டினார். சில மாதங்கள் கழித்துப் பயிற்றுநர் வந்து அந்தப் பட்டியலைக் கேட்டபோது பாதி பழையதாகிவிட்டிருந்தது. பிரசவம் முடிந்திருந்தது, ஒரு பெரியவர் இறந்திருந்தார், புதிதாகச் சிலர் சேர வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் வந்து கேட்பார் என்பதற்காகவே குழுவினர் பட்டியலைத் திருத்தப் பழகினார்கள். கேட்க ஆளில்லை என்றால் அது அலமாரிக்குள் போய்விடும். மனித இயல்பு அப்படி. உங்கள் தலைமை அலுவலகத்திலும் அப்படித்தான் இருக்கும்.

பட்டியலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிவாரணம் எப்போதும் பிரதான சாலையை ஒட்டிய தெருவிலிருந்து தொடங்குகிறது. லாரி அங்கேதான் நிற்க முடியும். காலனித் தெருவுக்கும் உப்பளத்தை ஒட்டிய குடிசைகளுக்கும் போவதற்குள் தார்ப்பாய் தீர்ந்துவிடும். கடைசித் தெருவிலிருந்து தொடங்கிக் கணக்கெடுங்கள் என்று உங்கள் பயிற்றுநர் ஒருவர் சொன்னதை ஊரில் வைத்துச் செய்துபார்த்தபோது சண்டை வந்தது. அந்தச் சண்டை புயலுக்கு முன்பே வந்ததுதான் நல்லது. நிவாரண லாரியைச் சுற்றி அது வந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரை அறியும்.

இனி நவம்பர் விஷயம். தானே புயல் 2011 டிசம்பர் 30, கஜா 2018 நவம்பர் 16, நிவர் 2020 நவம்பர் கடைசி வாரம், மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. இந்தத் தேதிகளை எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளே சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழையின் நடுவில், ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறுப்பாளரை மூன்று நாள் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். அந்த மூன்று நாட்களில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் அவர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அவசர உதவி பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். டிசம்பருக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. உங்கள் கணக்கு முடிகிற மாதத்தில்தான் எங்களுக்குக் கடல் பொங்குகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள். பயிற்சிக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மட்டும் கோடைதான் வேலை மும்முரமான காலம், விடியற்காலையில் போய்விடுவார்கள். அவர்களுக்கு மாலையில் வைத்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்போம்.

ஆங்கிலத் தகுதியைப் பற்றி. எங்கள் நிறுவனத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர் கணக்கு பார்க்கும் இளைஞர். நல்ல பிள்ளை. ஆனால் புயல் நேரத்தில் படகு யாரிடம் கேட்பது, எந்த வாய்க்கால் முதலில் உடையும், எந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் திரும்பாது என்பதெல்லாம் களப்பணியாளர்களான இரண்டு பெண்களுக்குத்தான் அத்துபடி. உங்கள் விதிப்படி அவர்கள் வர முடியாது. கூடவே இன்னொன்றும் நடக்கும். ஆங்கிலமும் உங்கள் சான்றிதழும் கையிலிருந்தால் பெரிய நிறுவனங்கள் அழைத்துக்கொள்கின்றன; எங்களைப் போல இரண்டு மூன்று மடங்கு சம்பளம் தருகின்றன. போகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் எங்கள் திறனை வளர்ப்பதாகச் சொல்லும் பயிற்சி, எங்களிடமிருந்து ஆளெடுக்கும் தேர்வாக முடிகிறது.

இது புதிய புகாரும் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலிகொண்ட 2004 சுனாமிக்குப் பிறகு, உலக உதவி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் பணியைத் தாங்களே மதிப்பிட்டு 2006-இல் அறிக்கை வெளியிட்டன. வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் உள்ளூர் அமைப்புகளை ஓரங்கட்டின, அவற்றின் பணியாளர்களை இழுத்துக்கொண்டன என்று அந்த அறிக்கையே சொன்னது. அதன்பின் 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளர்களும் நிறுவனங்களும் கூடி, மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்பதாக உறுதியளித்தார்கள். நேரடியாக வந்தது இன்றுவரை ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது என்பீர்கள். நிற்கிறதுதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணத்தைப் பெறும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் வழியாக எங்களைப் போன்றவர்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் அத்தோடு நின்றது. அப்போது நீங்களே சொன்னீர்கள்: பணம் தர முடியாது, ஆகவே பயிற்சியை ஆழமாகத் தருகிறோம், ஒத்திகைச் செலவை நாங்களே நேரடியாகக் கட்டுகிறோம் என்று. சட்டத்துக்கு உட்பட்டு நீங்கள் கண்டுபிடித்த நல்ல வழி அது. டீசல் கடைக்காரருக்கும் பந்தல்காரருக்கும் உங்கள் அலுவலகமே பில் கட்டியது. எங்கள் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை, வேண்டுமென்றும் நாங்கள் கேட்கவில்லை. இப்போது அதையும் எடுத்துவிட்டால் ஆழம் என்று சொன்னது எங்கே போயிற்று?

ஒரு பங்கேற்பாளருக்கு ஆகும் செலவு புதிய முறையில் குறைகிறது என்று சுற்றறிக்கையில் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். காணொளியைத் திறந்து பார்த்தவர்களை எல்லாம் பங்கேற்பாளர் என்று எண்ணினால் குறையத்தான் செய்யும். ஒத்திகைக்கு வந்த ஊர்மக்களை நீங்கள் பங்கேற்பாளர்களாகக் கணக்கில் சேர்த்ததே இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட நிறுவனப் பணியாளர்களை மட்டும் எண்ணினீர்கள். அதனால்தான் ஒத்திகை விலைகூடியதாகத் தெரிகிறது. சென்ற ஆண்டுகளின் கருத்துப் படிவங்களில் ஓட்டல் பயிற்சிக்கு ‘மிகவும் திருப்தி’ என்று எழுதியிருப்பதையும் ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். நிதி தருபவர் நீட்டும் படிவத்தில் வேறு என்ன எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள்?

அரசையே பாருங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களைக் குறிவைத்தது. 12 நாள் பயிற்சி, கையில் மீட்புக் கருவிகள் கொண்ட பை. அதிலும் குறைகள் உண்டு, தனியாக எழுதலாம். ஆனால் தண்ணீரில் இறங்காமல் நீச்சல் மீட்பைச் சொல்லித்தர முடியாது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த மக்களுக்கு யாரும் மனிதநேயம் கற்பிக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குத் தேவைப்படுவது, அந்தக் கைகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு, யார் எதைச் செய்வது என்று பேசிவைத்து, ஒருமுறையேனும் செய்துபார்க்க வாய்ப்பு. நீங்கள் வெட்டியது அதைத்தான்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நவம்பர் சென்னைப் பயிற்சியை ரத்து செய்யுங்கள். அந்தப் பணத்தில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களுக்குள் ஒவ்வொரு பங்கேற்பு நிறுவனத்தின் பகுதியிலும் குறைந்தது ஒரு கிராம ஒத்திகையாவது நடத்துங்கள். ஓட்டல் வாடகைக்கு ஒதுக்கியது எவ்வளவு, ஒத்திகைகளுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதை வெளிப்படையாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் பயிற்சி அட்டவணையை மீன்பிடித் தடைக்காலத்தில் அமையுங்கள்.

ஒத்திகைச் செலவுகளை முன்போல நேரடியாகக் கட்டுங்கள். பயிற்றுநரின் பின்தொடர் வருகையை மீண்டும் கொண்டுவாருங்கள். அதில் ஒரு வருகை கட்டாயம் செப்டம்பரில், மழைக்கு முன்பு இருக்க வேண்டும். முன்போல முழுதும் முடியாதென்றால் இரண்டு வருகையாவது கொடுங்கள், பேசலாம்.

ஆங்கிலத் தகுதியை நீக்குங்கள். பயிற்சியும் கையேடும் படிவமும் தமிழில் இருக்கட்டும். கணினி மொழிபெயர்த்த தமிழ் வேண்டாம், எங்கள் களப்பணியாளர்கள் வாசித்துச் சரிபார்த்த தமிழ் வேண்டும். யாரை அனுப்புவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்யட்டும். நிறுவனப் பணியாளர் அல்லாதவர்களுக்கும், அதாவது தொட்டி ஆபரேட்டர், செவிலியர், மீனவப் பஞ்சாயத்தார், மகளிர் குழுத் தலைவி போன்றவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள்; அன்றைய கூலியை இழந்து வருபவர்களுக்கு அதை ஈடுகட்டுங்கள்.

உங்கள் நிறுவனமும் உங்கள் கூட்டாளி நிறுவனங்களும் பயிற்சி பெற்ற எங்கள் பணியாளரை ஓராண்டுக்குள் வேலைக்கு எடுத்தால், மாற்றாக வருபவருக்குப் பயிற்சி தரும் செலவை ஏற்பதாக எழுத்தில் உறுதி தாருங்கள்.

கடைசியாக, அடுத்த ஆண்டுத் திட்டத்தை முடிவு செய்யும் குழுவில் உள்ளூர் நிறுவனங்களின் பிரதிநிதிகள் இருவருக்கு இடம் வேண்டும். அவர்களில் ஒருவராவது களப்பணி செய்யும் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தக் குழு கூடுவதற்கு முன்பு நீங்களும் நிதிப் பிரிவுப் பொறுப்பாளரும் ஒருநாள் வேதாரண்யத்துக்கு வந்து ஒத்திகை ஒன்றை நேரில் பாருங்கள். இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் பதில் வந்தால் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கிவைக்கிறோம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் பகுதிச் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளர்